டூ ஸ்ட்ரோக்கும் தொலைந்து போன இழுவையும்

1964-ம் வருஷக் கடைசியில் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் உலகத்தை ஒரு செய்தி உலுக்கியது. சாமி மில்லர் தன் ஏரியல் வண்டியை விட்டுவிட்டு, ஸ்பெயின்காரர்கள் செய்த ஏதோ ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு மாறிவிட்டாராம்!

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் 'ட்ரையல்ஸ்' என்ற பந்தயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் வேகத்துக்கு வேலையே இல்லை. வழுக்குப் பாறை, ஓடைப் படுகை, செங்குத்தான சேற்று மேடு என்று வழி போட்டுக் கொடுப்பார்கள். ஏறக்குறைய நடக்கிற வேகத்தில்தான் அதைக் கடக்க முடியும். கால் தரையில் பட்டால் தண்டனைப் புள்ளி. வண்டி நின்றே போனால் ஐந்து புள்ளி. கடைசியில் யாருக்குக் குறைந்த புள்ளியோ அவருக்கே வெற்றி. இதற்கு எந்த மாதிரி இஞ்சின் வேண்டும்? மணிக்கு 5 கிலோமீட்டரில் போகும்போதும் திணறாமல், கிளட்ச் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் திருப்பினால் ஒரு நூல் அளவு மட்டும் இழுக்கிற இஞ்சின் வேண்டும். அன்றைக்கு அப்படி இழுத்தவை பெரிய நாலு ஸ்ட்ரோக் சிங்கிள் சிலிண்டர் இஞ்சின்கள்தான். மில்லரின் ஏரியல் 500 சி.சி. வண்டி அதற்கு உச்சபட்ச உதாரணம். 1959-லிருந்து வருஷம் தவறாமல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை அவர் வாங்கிக்கொண்டிருந்தது அதில்தான். ஸ்காட்லாந்து மலைகளில் ஆறு நாள் நடக்கும் பந்தயத்தையும் 1962, 1964 இரண்டு வருஷமும் அதில்தான் ஜெயித்தார்.

அந்த வண்டியை விட்டுவிட்டு டூ ஸ்ட்ரோக்குக்குப் போவதா? டூ ஸ்ட்ரோக்கில் 'அடி இழுவை' கிடையாது என்பது அந்தக் காலத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. அந்த 'உண்மை' எங்கிருந்து வந்தது, அதை யார் யார் எப்படி உடைத்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

கணக்குப்பிள்ளை மொழியில் ஒரு விளக்கம்

முதலில் 'பவர்', 'டார்க்' என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது ரொம்பச் சுலபம். ஒரு கடையின் மொத்த லாபம் என்பது ஒரு சாமானில் கிடைக்கும் லாபத்தை விற்ற எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. இஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் இழுவைதான் டார்க். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது ஆர்.பி.எம். இரண்டையும் பெருக்கினால் பவர். 20 நியூட்டன் மீட்டர் டார்க் 3,000 ஆர்.பி.எம்-மில் கிடைத்தால் அது 8.4 குதிரைத்திறன். அதே 20 நியூட்டன் மீட்டர் 8,000 ஆர்.பி.எம்-மில் கிடைத்தால் 22.5 குதிரைத்திறன். விளம்பரத்தில் எதைப் போடுவார்கள்? 22.5-ஐத்தான். ஆனால் சேற்றில் சிக்கியவனுக்குத் தேவைப்படுவது அந்த 8.4. கீழ்ச் சுற்றுகளில் எவ்வளவு கிடைக்கிறது என்பது எந்த விளம்பரத் தாளிலும் வராது.

டூ ஸ்ட்ரோக் இஞ்சின் அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். இங்கிலாந்தின் பாத் நகரத்துக்காரர் ஜோசப் டே 1891-ல் காப்புரிமை வாங்கிய எளிய வடிவம் அது. வால்வு கிடையாது, கேம் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் (போர்ட்கள்) இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே அவற்றை மூடித் திறக்கும். எரிந்த புகை ஒரு ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே, புதுப் பெட்ரோல் கலவை இன்னொரு ஓட்டை வழியாக உள்ளே வரும். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாசற்கதவு, கொல்லைக்கதவு இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் என்ன ஆகும்? உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு அப்படியே வெளியே ஓடிவிடும். சுற்று குறைவாக இருந்தால் கதவு திறந்திருக்கும் நேரம் அதிகம், ஓட்டமும் அதிகம்.

சாக்சனியின் ஒலி விஞ்ஞானி

வெளியே ஓடிய அந்தக் கலவையைத் திரும்பப் பிடிக்கும் வித்தையை முழுமைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனிக்காரர் வால்டர் காடன். இரண்டாம் உலகப்போரின்போது பீனமுண்டேயில் ராக்கெட் குண்டு ஆராய்ச்சியில் வேலை பார்த்த பொறியாளர். போருக்குப் பிறகு, 1953-ல் ட்ஷோப்பாவ் ஊரிலிருந்த தொழிற்சாலையின் (பிற்காலத்து எம்.இசட்.) ரேஸ் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். பணமும் கிடையாது, நல்ல உலோகமும் கிடையாது. இருந்ததெல்லாம் மூளையும் ஓர் ஆசிலோஸ்கோப்பும்தான்.

சைலன்சருக்குள் போகிற புகையை வெறும் புகையாக அவர் பார்க்கவில்லை, ஒலி அலையாகப் பார்த்தார். குழாய் விரிந்துகொண்டே போனால் அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வரும். அது சிலிண்டரைச் சுத்தமாகக் காலி செய்து, கூடவே கொஞ்சம் புதுக் கலவையையும் குழாய்க்குள் இழுத்துவிடும். அதற்கப்புறம் குழாய் சட்டென்று சுருங்கினால் அங்கே மோதித் திரும்பும் அலை ஒரு தள்ளு தள்ளும். போர்ட் மூடுகிற கடைசி நொடியில் அந்தத் தள்ளு வந்து சேர்ந்தால், வெளியே போன கலவை திரும்பச் சிலிண்டருக்குள்ளேயே வந்துவிடும். பொங்கி வழிந்த பாலைத் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே தள்ளிவிடுகிற வேலை! வயிறு பெருத்துப் பாம்பு மாதிரி வளைந்து போகிற டூ ஸ்ட்ரோக் ரேஸ் சைலன்சர்களை எல்லோரும் பார்த்திருப்போம். எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர். அந்த வடிவம் அழகுக்காக வந்ததல்ல. 1961-ல் காடனின் 125 சி.சி. இஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டர் கணக்கில் 200. டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் அதுவரை யாரும் தொடாத எண்.

அப்புறம் நடந்தது ஒரு சினிமாக்கதை. அதே 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடன் கிராண்ட் பிரிக்ஸ். எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 125 சி.சி. உலகப் பட்டத்துக்கு மிக அருகில் இருந்தார். பந்தயத்தில் இஞ்சின் போய்விட்டது. அன்று டெக்னர் தன் குழுவிடம் திரும்பிப் போகவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் ரகசியமாகக் கிழக்கிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அவர் கூடவே காடனின் வித்தையும் போனது. அடுத்த வருஷமே, 1962-ல், டெக்னர் சுஸூகியில் 50 சி.சி. உலகச் சாம்பியன். சுஸூகிக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அந்தப் பட்டத்தில் காடனுக்கு என்ன பங்கு என்று யாரும் கணக்குப் போடவில்லை.

குழாய் கேட்ட விலை

காடனின் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. அலை போய்த் திரும்பும் நேரமும் போர்ட் திறந்திருக்கும் நேரமும் ஒத்துப்போனால்தான் அது நண்பன். ஒத்துப்போகாவிட்டால் எதிரி.

சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். போர்ட் அரைச் சுற்று நேரம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7,000 ஆர்.பி.எம்-மில் அரைச் சுற்றுக்கு 4.3 மில்லி விநாடி ஆகும். அதற்குள் அலை 2.14 மீட்டர் போகும். போகவும் வரவும் சேர்த்துத்தானே, ஆகவே குழாய் நீளம் சுமார் 1.07 மீட்டர். வண்டியில் சுற்றி மாட்டிவிடலாம். சரி, இதே வேலை 3,500 ஆர்.பி.எம்-மில் நடக்க வேண்டுமென்றால்? 2.14 மீட்டர் குழாய் வேண்டும். வண்டியையே விட நீளம்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 7,000-க்குச் செய்த குழாயை மாட்டிக்கொண்டு 3,500-ல் போனால், அந்தத் தள்ளும் அலை பாதி நேரத்திலேயே திரும்பி வந்துவிடும். அப்போதுதான் புதுக் கலவை உள்ளே வர ஆரம்பித்திருக்கும். அலை பழைய புகையை உள்ளே தள்ளும், புதுக் கலவைக்கு வழி விடாது. சாதாரணக் குழாய் இருந்தால்கூடக் கிடைத்திருக்கும் இழுவையும் போச்சு. மேலே கொட்டிக் கொடுத்ததற்குக் கீழே வட்டியோடு வசூல்.

தார் ரோடு ரேஸில் இது பெரிய பிரச்சினை இல்லை. ஆறு கியர், ஏழு கியர் வைத்து இஞ்சினை அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே ஓட்டலாம். மண்ணில் அது முடியாது. மேட்டின் பாதியில் சுற்று இறங்கும், வண்டி செத்துப்போகும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது, திடீரென்று மொத்த பவரும் ஒரே நொடியில் வந்து பின் சக்கரம் சேற்றில் சுழலும். 

இதற்கு மறக்க முடியாத உதாரணம் சுஸூகியின் டி.எம். 400 சைக்ளோன். 1971-ல் பெல்ஜியத்தின் ரோஜர் டி கோஸ்டர் சுஸூகியில் 500 சி.சி. மோட்டோகிராஸ் உலகச் சாம்பியன் ஆனார். அதே வருஷம் கடைகளில் சைக்ளோன் வந்தது. டி கோஸ்டர் ஓட்டிய வண்டி வேறு, கடையில் கிடைத்த வண்டி வேறு என்பது வாங்கினவர்களுக்கு முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. கீழே மௌனம், மேலே வெடி. நடுவில் எதுவும் இல்லை. ஓட்டினவர்களைத் தூக்கி எறிந்ததற்காகவே அந்த வண்டி இன்றுவரை பேசப்படுகிறது. அதை வாங்கியவர்கள் தேடிய முதல் வைத்தியம் என்ன தெரியுமா? கூடுதல் பவர் இல்லை. ஃப்ளைவீலில் ஓர் இரும்பு வளையத்தைச் சேர்த்துப் பாரம் ஏற்றுவது!

கனமான ஃப்ளைவீல் ஒரு துளி பவரைக்கூட உண்டாக்காது. சுற்றும்போது சேமித்து வைத்ததை, சுற்று இறங்கும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். உண்டியல் மாதிரி. இஞ்சின் சட்டென்று அணையாது, சட்டென்று பாயவும் செய்யாது. ஆனால் ஓட்டுகிறவரின் கைக்கு அது 'இழுவை கூடிவிட்டது' என்றே தெரியும். பல 'லோ எண்டு' வைத்தியங்கள் இந்த வகைதான். பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டுவதும் இதே சேர்த்தி. அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, மேடு ஏறினால் சரிதானே.

பார்சிலோனாவில் சில நாட்கள்

இப்போது சாமி மில்லரிடம் திரும்புவோம். அவர் போன இடம் புல்டாகோ. அதன் முதலாளி பிரான்செஸ்க் புல்டோ அதற்கு முன் மான்டேஸா கம்பெனியில் பங்குதாரர். 1958-ல் மான்டேஸா 'செலவு கட்டுப்படியாகாது, இனி ரேஸ் வேண்டாம்' என்று முடிவு செய்தபோது கோபித்துக்கொண்டு வெளியேறி, பார்சிலோனா பக்கத்திலிருந்த தன் பண்ணை நிலத்தில் புதுக் கம்பெனி ஆரம்பித்தவர். கம்பெனிப் பெயர்கூட அவருடைய குடும்பப் பெயரையும் 'பாகோ' என்ற செல்லப் பெயரையும் சேர்த்ததுதான்.

மில்லருக்கு என்ன நெருக்கடி? ஏரியல் கம்பெனி 1950-களின் கடைசியிலேயே நாலு ஸ்ட்ரோக் வண்டிகளைக் கைகழுவிவிட்டது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தது ஏறக்குறைய அநாதை வண்டி. அதைச் செதுக்கிச் செதுக்கி எடையைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் 100 கிலோவுக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. வயதும் 30 தாண்டிவிட்டது. புல்டாகோ வண்டியோ இலேசானது. ஆனால் அடி இழுவை? தோற்றால் ஐந்து வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரே சீசனில் போய்விடும், அதுவும் சொந்த நாட்டு வண்டியை விட்டுவிட்டுப் போனவன் என்ற பழிச்சொல்லோடு.

ஸ்பெயினில் அவர் இருந்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு. அதற்குள் வண்டி உருவானது. பகலில் மேடுகளில் ஓட்டிப் பார்ப்பது, குறை சொல்வது, மாற்றுவது, மறுபடி ஓட்டுவது. அந்த 244 சி.சி. வண்டிதான் 'ஷெர்ப்பா டி'. எடை ஏறக்குறைய 90 கிலோ.

அதில் மந்திரம் எதுவும் இல்லை. ரேஸ் இஞ்சினுக்குச் செய்வதையெல்லாம் தலைகீழாகச் செய்ததுதான். போர்ட்கள் அடக்கமான உயரத்தில், அதாவது சீக்கிரம் மூடும் விதத்தில். கனத்த ஃப்ளைவீல். காற்று வேகமாக ஓடி பெட்ரோலை நன்றாகப் பொடியாக்கும்படி சிறிய வாயுள்ள கார்புரேட்டர். எதிரலை விளையாட்டு அதிகம் இல்லாத சாதுவான சைலன்சர். உச்சபட்ச பவரை மனதாரத் தியாகம் செய்தால் டூ ஸ்ட்ரோக்கும் கீழே இழுக்கும். அதுவரை பெரும்பாலானவர்கள் அந்தத் தியாகத்துக்குத் தயாராக இல்லை, அவ்வளவுதான். கூடவே ஒரு போனஸ்: டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வெடிக்கிறது, நாலு ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். சுற்று ரொம்பக் குறையும்போது இந்த நெருக்கமான துடிப்பு ஓர் அனுகூலம்.

1965-ல் ஸ்காட்லாந்து ஆறு நாள் பந்தயத்தில் மில்லர் புல்டாகோவில் ஜெயித்தார். 1967, 1968-லும் ஜெயித்தார். பிரிட்டிஷ் பட்டம் 1969 வரை, மொத்தம் பதினோரு வருஷம், அவரிடமே இருந்தது. கனத்த நாலு ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டிகளின் காலம் அதோடு முடிந்தது.

ஒரு சின்னத் தகடு

மில்லரின் வழி ஒரு வேலைக்கு மட்டும் செய்த வண்டிக்குச் சரி. ஆனால் காலையில் மலை ஏறி, மத்தியானம் மைதானத்தில் வேகமாகவும் போக வேண்டும் என்கிறவனுக்கு? மேலேயும் வேண்டும், கீழேயும் வேண்டும் என்பதுதான் சாதாரண வாடிக்கையாளர் ஆசை. 1972 மாடல்களில் யமஹா இதற்கு ஒரு விடை வைத்தது. 250 சி.சி. டி.டி. 2 போன்ற மண்பாதை வண்டிகளில் 'டார்க் இண்டக்ஷன்' என்று பெயர் போட்டு வந்தது ரீட் வால்வு.

பழைய இஞ்சின்களில் கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே கதவாக இருந்தது பிஸ்டனின் அடிப்பகுதிதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது, உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி வந்த வழியே கார்புரேட்டருக்குத் திரும்பிவிடும். மெதுவான சுற்றில் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பனி மூட்டமாகத் துப்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இதைத் தடுக்க மெல்லிய தகடு ஒன்றை வழியில் வைத்தார்கள். உள்ளே போக விடும், வெளியே வர விடாது. படகு இஞ்சின்களில் ரொம்ப காலமாக இருந்த சாதனம்தான். அதை மோட்டார் சைக்கிளில் பரவலாக்கியது யமஹாவின் கெட்டிக்காரத்தனம். திரும்பிப் போகும் பயம் இல்லாததால் உள்வழியைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம். மேலே இழக்காமலே கீழே கிடைத்தது.

நம் ஊர் யமஹா ஆர்.எக்ஸ். 100 (1985 முதல் 1996 வரை விற்றது) சிக்னலில் துள்ளிக் கிளம்புமே, அதிலும் இந்த ரீட் வால்வு உண்டு. அதற்கு முன்பே ராஜ்தூத் 350-ம் அதே யமஹா குடும்பத்து ரீட் வால்வு வண்டிதான். (மைலேஜ் கேட்ட நம் ஜனங்களுக்காக அதை 'எல்.டி.' என்று அடக்கி ஒரு ரகம் விட்டது தனி சோகம்!) ரெண்டும் மலையேற்ற வண்டிகள் இல்லை, ஆனால் வித்தை ஒன்றே.

தகட்டின் தடிமனிலும் ஒரு தர்மசங்கடம் இருந்தது. மெல்லிசாக இருந்தால் மெதுவான சுற்றில் சுலபமாகத் திறக்கும், வேகச் சுற்றில் படபடத்து உடையும். தடிமனாக இருந்தால் நேர் எதிர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பட்டறை வைத்திருந்த ஐவிண்ட் பாய்சன் இதற்கு ஒரு யோசனை செய்தார். தடித்த தகட்டில் ஜன்னல் வெட்டி, அதன்மேல் ஒரு மெல்லிய தகடு. கீழே மெல்லியது வேலை செய்யும், மேலே இரண்டும். இன்றும் கடைகளில் விற்கிறது. செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் செய்யத்தக்கது இதுதான்.

அரமும் அவசரமும்

1973-ல் கார்டன் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் டூ ஸ்ட்ரோக் ட்யூனிங் பற்றி ஒரு கையேடு எழுதினார். குழாய் நீளக் கணக்கையெல்லாம் வீட்டுப் பட்டறைக்காரனுக்கும் புரியும்படி கொடுத்த புத்தகம் அது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ட்யூனர்கள். பெரும்பாலானவர்கள் செய்த முதல் வேலை எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்தால் ராவி உயர்த்துவது. போர்ட் உயர்ந்தால் அது சீக்கிரம் திறக்கும், தாமதமாக மூடும், மேல் சுற்றில் பவர் கூடும். கீழே இருந்த கொஞ்சநஞ்சமும் போகும். ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது சிலிண்டரை மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகுதான் உறைக்கும்.

அடி இழுவை வேண்டியவர்கள் எதிர்த் திசையில் போனார்கள். சிலிண்டரின் அடிப்பாகத்தைக் கடைசலில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் சிலிண்டர் முழுவதுமே கீழே இறங்கும், எல்லாப் போர்ட்களும் தாழும். அப்போது பிஸ்டன் மேலே ஹெட்டில் இடிக்காமல் ஹெட்டைச் சரிசெய்ய வேண்டும். கம்ப்ரெஷன் கொஞ்சம் கூட்டலாம், அதுவும் அடிச் சுற்றுகளுக்கு நல்லது. கூடிப்போனால் பிஸ்டன் ஓட்டையாகும். குழாயின் முன்பகுதியைக் கொஞ்சம் நீட்டலாம். ஒவ்வொன்றும் பைசா பைசாவாகச் சேர்ப்பதுதான், ஒரே அடியில் லட்சாதிபதி ஆக வழியில்லை.

ஏறி இறங்கும் கூரை

போர்ட் தாழ்ந்திருந்தால் கீழே நல்லது, உயர்ந்திருந்தால் மேலே நல்லது. அப்படியானால் போர்ட்டின் கூரையையே ஏற்றி இறக்கினால் என்ன?

யமஹா இதை 1977 கடைசியில் 500 சி.சி. கிராண்ட் பிரிக்ஸ் வண்டியில் செய்து பார்த்தது. போர்ட்டின் உச்சியில் ஓர் உருளை, அதில் ஒரு வெட்டு. உருளை திரும்பினால் போர்ட்டின் உயரம் மாறும். அடுத்த வருஷம் கென்னி ராபர்ட்ஸ் யமஹாவில் உலகச் சாம்பியன். 1982-ல் அது மோட்டோகிராஸ் வண்டியான ஒய்.இசட். 250-க்கு வந்தது. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. சுற்று கூடக் கூட விலகும் குண்டுகள் ஒரு நெம்பைத் தள்ளும், அந்த நெம்பு உருளையைத் திருப்பும். பவர் வால்வு என்று இதற்குப் பெயர்.

ஹோண்டா 1984-ல் வேறு வழியில் போனது. கூரையைத் தொடாமல், எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒரு சின்ன அறை வைத்து, குறைந்த சுற்றில் மட்டும் அதைத் திறந்துவிட்டார்கள். குழாயின் கொள்ளளவு கூடினால் அலையின் தாளம் மெதுவாகும். மேலே போட்ட கணக்கில் 2.14 மீட்டர் குழாய்க்கு வண்டியில் இடமில்லை என்று பார்த்தோமே, அந்த நீளக் குழாய் இருப்பதுபோல் இஞ்சினை நம்பவைக்கிற தந்திரம் இது. கேட்க அழகான யோசனை. ஆனால் 1986-லேயே ஹோண்டா தன் 250-ல் இதை விட்டுவிட்டு போர்ட்டின் உயரத்தை மாற்றும் வழிக்கு வந்துவிட்டது. கவாசாகி 1985-ல் உருளையையும் பக்க அறையையும் சேர்த்தே செய்தது. சில வருஷங்களுக்குள் பவர் வால்வு இல்லாமல் பெரிய மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக் விற்க முடியாது என்ற நிலை. சைக்ளோன் வாங்கிக் கீழே விழுந்தவர்களுக்குப் பத்து வருஷம் தாமதமாகக் கிடைத்த நியாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்தவர்கள்

அப்புறம் நாலு ஸ்ட்ரோக்கே திரும்பி வந்தது. 1997-ல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் 400 சி.சி. நாலு ஸ்ட்ரோக் சோதனை வண்டியில் ஜெயித்தார். 250 சி.சி. டூ ஸ்ட்ரோக்குகளுக்கு எதிராகப் பெரிய இஞ்சினை விதிமுறை அனுமதித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போட்டி சமமானதில்லை. இருந்தாலும் அந்த அடி இழுவையை ருசி பார்த்தவர்கள் திரும்பவில்லை. 2007 மாடல்களோடு ஹோண்டா தன் டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளை நிறுத்திக்கொண்டது.

ஆனால் ஒரு மூலையில் டூ ஸ்ட்ரோக் சாகவில்லை. ஆஸ்திரியாவில் எர்ட்ஸ்பெர்க் என்ற இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் ஒரு பந்தயம் நடக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் கிளம்பினால் முடிப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். போலந்தின் டாடி பிளாசூசியாக் 2007 முதல் 2011 வரை ஐந்து முறை வரிசையாக அங்கே ஜெயித்தார். இங்கிலாந்தின் கிரஹாம் ஜார்விஸ் 2018, 2019 இரண்டு வருஷமும் ஹஸ்க்வர்னாவின் 300 சி.சி. டூ ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். இரண்டு பேருமே ட்ரையல்ஸ் ஓட்டிப் பழகி வந்தவர்கள். இலேசான எடையும் சாதுவான அடி இழுவையும், மில்லர் 1964-ல் தேடிப்போன அதே ஜோடி. கே.டி.எம். 2017-ல் தன் 250, 300 சி.சி. மலை வண்டிகளில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு பெட்ரோல் இஞ்செக்ஷன் வைத்தது. 2024 மாடல்களில் பவர் வால்வைத் திருப்புவதும் மின்சார மோட்டார்தான். குண்டும் நெம்பும் போய்விட்டன.

ட்ரையல்ஸ் உலகமோ வேறு பக்கம் போனது. புல்டாகோவை விட்ட பிறகு மில்லரே 1970-களின் நடுவில் ஹோண்டாவுக்குப் போய் நாலு ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டி உருவாக்க உழைத்தார். அது அப்போது பெரிதாக எடுபடவில்லை. புல்டாகோ 1980-களில் மூடப்பட்டது. ஆனால் 2007 முதல் 2024 வரை ஒரு வருஷம் விடாமல் ட்ரையல்ஸ் உலகப் பட்டத்தை வாங்கியவர் டோனி போ என்ற கட்டலோனியாக்காரர். அவர் ஓட்டுவது நாலு ஸ்ட்ரோக். ஹோண்டாவின் கைக்குப் போய்விட்ட, பார்சிலோனாவின் மான்டேஸா. 1958-ல் 'ரேஸ் வேண்டாம்' என்று சொன்னதற்காக புல்டோ கோபித்துக்கொண்டு விலகினாரே, அதே மான்டேஸா :-)